மாசில்லாத ஆப்

ஏரியைக் காப்பாற்றச் சேர்ந்திருந்த நானூற்றுச் சொச்சம் பேரையும், போன ஞாயிற்றுக்கிழமை மணவாளன் தன் கையாலேயே குரூப்பிலிருந்து நீக்கினார்.

ஒவ்வொருவராக. கட்டைவிரல் வீங்கிவிட்டது. கொள்கைக்காக வீங்கியது என்று பெருமையோடு தைலம் தடவிக்கொண்டார்.

காரணம் இருந்தது. பெரிய கம்பெனி ஆப்களின் சர்வர்களைக் குளிரவைக்க ஏரி ஏரியாகத் தண்ணீர் செலவாகிறது என்று எங்கேயோ படித்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏரியைக் குடித்துக்கொண்டே ஏரியைக் காப்பாற்றுவதா?

தேடித் தேடி ஒரு நல்ல ஆப்பைக் கண்டுபிடித்தார். காற்றாலை மின்சாரத்தில் ஓடுவது. விளம்பரம் கிடையாது. வேவு பார்க்க ஆள் கிடையாது.

ஆளே கிடையாது என்பது இன்று காலைதான் உறைத்தது.

கள்ளிக்குப்பத்தில், ஏரிக்கு மழைநீர் கொண்டுவரும் கால்வாயின் கரையில் மனிதச் சங்கிலி என்று அந்த ஆப்பில் அறிவித்திருந்தார். சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி நின்றுகொண்டிருந்தது. அதற்கும் சர்க்கரை, முழங்கால் வலி.

பேனரின் ஒரு முனையை வேலிக்கம்பியில் கட்டியிருந்தார். மறுமுனை பிடிக்க ஆளில்லாமல் சேற்றில் கிடந்தது.

வரும் வழியில் நாலு வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் வந்தார். ஒருவருக்குப் போனில் இடமில்லையாம். சுசீலா டீச்சருக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம். வெங்கட், "இதோ பின்னாடியே வரேன் சார்" என்றார். தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

பழைய குரூப்பில் இப்படியா இருந்தது? ஏரியின் படம், வெயில் எச்சரிக்கை, தண்ணீர் லாரி எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்பது வரை அவர்தான் போடுவார். காலையில் போனைத் திறந்தால் கும்பிடு கும்பிடாகக் குவிந்திருக்கும்.

புது ஆப்பில் லாரி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டார். இயக்கம் என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா?

கட்டட இடிபாடு ஏற்றிய டிப்பர் பின்பக்கமாக வந்தது.

கால்வாய் ஏற்கெனவே பாதி தூர்ந்திருந்தது. இன்னும் சில நடை கொட்டினால் போதும், இந்த மழைக்கு ஏரிக்குள் சொட்டுத் தண்ணீர் போகாது.

ஆவடியில் ஆயுள் முழுக்க ராணுவ டாங்கி செய்து ஓய்வு பெற்றவர், ஒரு டிப்பருக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

வண்டி நின்றது. டிரைவர் குதித்து இறங்கினான். மூன்றாவது தெரு எத்திராஜ்.

"நீயும் குரூப்ல இருந்தவன்தானேப்பா! ஏரின்னா ஒருத்தன்கூடவா வரமாட்டீங்க?"

எத்திராஜ் தலையைச் சொறிந்தான். கண்ணைப் பார்க்கவில்லை. சேற்றில் கிடந்த பேனர் முனையை எடுத்து, உதறி, ஈரம் படாமல் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து அதைப் பிடித்த முதல் ஆள்.

"கோச்சிக்காத சார். ஏரிக்கோசரம் யாரு சார் அதுல இருந்தாங்க? தண்ணி லாரி எங்க நிக்குதுன்னு நீதான் கரெக்டா போடுவ. அதுக்குதான் அல்லாரும் இருந்தோம், நானுந்தான். நீ தூக்கி வுட்டதுலந்து ஊட்ல ஒரு கொடம் புடிக்க முடில... இன்னிக்கு எந்தத் தெரு சார்?"