தெரிந்தே அனுப்பினாள்

“நம்ம பையன் பையில கத்தி வச்சிருக்கானாமே, உனக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேதியைக் கேட்டதும் இவளும் பதறுவாள், இரண்டு பேருமாக என்ன செய்வது என்று யோசிக்கலாம் என்றுதான் அடுக்களைக்கு ஓடி வந்தார். கூடச் சேர்ந்து பதற ஆள் கிடைக்கவில்லை.

விஷயத்தைப் போட்டு உடைத்தது சின்ன மகள். காலையில் சீப்புக்காக அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை. அவன் பாலிடெக்னிக்குக்குக் கிளம்பிப் போனதும், ஜடையைப் பின்னிக்கொண்டே அப்பாவிடம் வத்தி வைத்துவிட்டாள். அம்மாவிடம் அன்றைக்கே சொல்லியாயிற்று என்றும் சேர்த்துச் சொன்னாள்.

என்றைக்கு என்று மனைவியிடம் கேட்டார். இரண்டு மாதம் இருக்கும் என்றாள்.

“ரெண்டு மாசமா தெரிஞ்சும் தினமும் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்பிட்டிருக்கியா? நீயெல்லாம் ஒரு தாயா?”

அவர் செருப்பைத் தேடினார், இப்போதே போய் அவனைக் கையோடு இழுத்து வருவதற்கு. நாலு பேர் முன்னால் பையைத் துழாவினால் பையனுக்குத்தான் அவமானம், சாயந்திரம் வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்றாள். அவள் அவ்வளவு நிதானமாகச் சொன்னதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

பையனுக்குப் பதினெட்டு வயது. யாராவது குரலை உயர்த்தினாலே ஒதுங்கிப் போகிற சாது. அவன் வகுப்பில் ‘ஏணி’ என்று ஒருத்தன். ஆளும் அந்த உயரம்தான். அவனுக்கு இவன்மேல் ஏதோ கோபம். பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கவனித்துக்கொள்கிறேன் என்று சொல்லித் திரிகிறானாம். அதற்குத்தான் கத்தி. இதுவும் சின்ன மகள் சொன்ன தகவல்தான்.

அன்றைக்குக் கடையில் தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தார். பிரித்தார். மறுபடியும் அதே பக்கம் வைத்துத் தைத்தார். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரியும் போலீஸ் ஜீப்பும் மாறி மாறி வந்தன. நாலு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு வந்து வீட்டு வாசலில் நின்றுகொண்டார்.

ஐந்து மணிக்குப் பையன் வந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாயெல்லாம் பல். பின்னாலேயே, நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் குனிந்துகொண்டு இன்னொருத்தன்.

“அப்பா, இவன்தான் ஏணி.”

தையல்காரர் பையனின் பையையும் ஏணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவிதான் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, வெள்ளரிக்காயை எடுத்து அங்கேயே நறுக்க ஆரம்பித்தாள்.

பையன் நடந்ததைச் சொன்னான். பஸ் ஸ்டாப்பில் ஏணியும் இன்னும் மூன்று பேரும் வழிமறித்தார்களாம். என்மேல் உனக்கு என்னதான் கோபம் என்று இவன் முகத்துக்கு நேராகக் கேட்டானாம். ஏணி வகுப்புக்கு மட்டம் போட்டதை வாத்தியாரிடம் போட்டுக் கொடுத்தது இவன்தான் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். இவனோ அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தவன். தேதியை எண்ணிப் பார்த்ததும் ஏணிக்கே சிரிப்பு வந்துவிட்டதாம்.

தையல்காரர் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார். பையில் கத்தி இருக்கிறதா, இல்லையா?

பையன் சிரிப்பை விழுங்கினான். “இருக்குப்பா. பைக்குள்ள கையை விட்டு அதைப் பிடிச்சுக்கிட்டுதான் பேசினேன். அது இல்லேன்னா எனக்கு வாயே திறந்திருக்காது.”

“எங்கே, எடு பார்ப்போம்” என்றாள் அம்மா.

பையின் அடியிலிருந்து ஒரு துணிச் சுருட்டு வந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றி, மெல்லப் பிரித்தான்.

உள்ளே, காம்பு உடைந்த ஒரு கரண்டி.

“பிடுங்கி வச்சா இன்னொண்ணு வாங்குவே. அதான் மாத்தி வச்சேன்” என்றாள் அம்மா. வெள்ளரி விதை ஒட்டியிருந்த கத்தியைத் தூக்கிக் காட்டினாள். “உன் கத்தி ரெண்டு மாசமா என்கிட்டதான் வேலை பார்க்குது. நீ அடுக்களையை எட்டிப் பார்க்கிறவனா இருந்தா எப்பவோ மாட்டியிருப்பேன். இன்னிக்குப் பேசினது நீ மட்டும்தான்டா.”

சின்ன மகள்தான் முதலில் சிரித்தாள். பையன் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சண்டைக்குப் போகிறவன் மாதிரி அதை நீட்டிக் காட்டினான். வீடே அதிர்ந்தது. காலையில் மனைவியைக் கேட்ட கேள்வி நினைவுக்கு வர, அவள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டே, கண்ணில் தண்ணீர் வர வர, தையல்காரரும் சிரித்தார்.

ஏணி மட்டும் சிரிக்கவில்லை.

“இவன் கை பைக்குள்ள போனதைப் பார்த்தேம்மா. என் கையும் பாக்கெட்டுக்குள்ள போச்சு” என்றான்.

பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து, வெள்ளரிக்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“எனக்கும் ஒரு கரண்டி கொடுங்கம்மா.”