கோழியா, மீனா?

"நாய்க்குட்டி வந்து பத்தே நாள்ல மூணு பாக்கெட் தீனி காலி, டாக்டர். ஆனா குட்டி துரும்பா இளைக்குது!" என்று கால்நடை மருத்துவரிடம் அழாத குறையாகச் சொன்னாள் மனைவி.

"தீனியை மாத்திப் பார்ப்போம். கோழியா, மீனா?"

"மீனே குடுங்க," என்று முந்திக்கொண்டார் கணவர். "கோழி சப்புன்னு இருக்கு. மீன்தான் மொறுமொறுன்னு, லேசா உப்புக் கரிக்குது."



மனைவி மெல்லத் திரும்பினாள். "அப்போ உங்க சர்க்கரைக்குன்னு நான் அவிச்சு வைக்கிற சுரைக்காய்? தினமும் தட்டு நக்கி வச்ச மாதிரி பளபளன்னு இருக்குமே?"

கணவர் மடியிலிருந்த குட்டி, சுரைக்காய் என்ற பேரைக் கேட்டதும் தாவிக் குதித்து மேஜைக்கடியில் ஒளிந்தது.