மூன்று பத்துக்கு வருகிறவர்

மணி மூன்று ஏழு. கடிதம் தயாராக இருந்தது. அதை அனுப்பத்தான் காவல்காரருக்குக் கை வரவில்லை.

காவல்காரர் என்பது ஆறாவது மாடியில் அவருக்கு வைத்த பெயர். அந்தப் பெரிய மென்பொருள் நிறுவனத்தில் அவர் காவல் காத்தது வாசலை அல்ல. ஒரே ஒரு மனிதரை.

அவர் பொறுப்பில் இருந்தது, ஒரு காலத்தில் பத்துக் கோடிப் பேர் தங்கள் குரலைப் பதிந்து வைத்திருந்த ஒரு சேவை. குழந்தையின் மழலை, பயணம் போனவரின் 'வந்து சேர்ந்துட்டேன்', பாதியில் நின்ற சண்டை, எல்லாம் அதில் இருந்தன. பிறகு நிறுவனமே புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு அங்கே குடிபோய்விட்டார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை.

தினமும் மதியம் மூன்று பத்துக்கு வருவார். பதினோரு விநாடி ஓடும் ஒரு பதிவை ஒரே ஒரு முறை கேட்பார். போய்விடுவார்.

காவல்காரரின் திரையில் அந்த நேரத்துக்கு ஒரு பச்சைக் கோடு எழுந்து விழும். அவ்வளவுதான் தெரியும். ஆள் யார், கேட்பது என்ன என்று எட்டிப் பார்த்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

தெரியாதது ஒருவிதத்தில் வசதியாகவும் இருந்தது. சாப்பிட்ட மயக்கமும் குளிர்ந்த அறையும் மெத்தென்ற நாற்காலியும் சேர்ந்து இமையை அழுத்தும் வேளையில், அந்த மனிதர் தானாகவே அவர் கண்ணுக்குள் வந்துவிடுவார். சில நாள் ஒரு அப்பா, காலி வீட்டில் மகளின் குரலைக் கேட்டுக்கொண்டு. சில நாள் ஒரு பெண், ஜன்னலோரத்தில், போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு. திரைச்சீலை மெல்ல ஆடும். பதினோரு விநாடியும் அவள் முகத்தில் வெயில் இருக்கும்.

ஞாயிறு, விடுமுறை, மழை, எதுவும் அவரைத் தடுத்ததில்லை. ஐந்து வருடமாக அந்த ஒருவர்தான், ஒரு நாள்கூடத் தவறியதில்லை. பிரியம் என்றால் இதுவல்லவா பிரியம் என்று காவல்காரர் உருகிப்போவார்.

நிறுவனத்தைக் குறை சொல்லவும் அவருக்கு மனசு வராது. சாப்பாடு, காபி, பழம், வீட்டு வாசல் வரை பஸ். மாமனாரின் இதய ஆபரேஷனைக்கூட அதுதான் பார்த்துக்கொண்டது. ஆனால் பதினாறு வருடமாக நீ செய்ததில் யாருக்கு என்ன நன்மை என்று யாராவது கேட்டால் அவர் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். கோடிக்கணக்கான பேரைக் கோடுகளாகவே பார்த்தவர் அவர். முகம் என்று இருந்தது இந்த ஒருவருக்குத்தான். அதுவும் அவரே வரைந்துகொண்ட முகம்.

அதனால்தான் சேவையை மூடச் சொல்லி வந்த உத்தரவை மூன்று வருடமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். இரண்டு முறை பதவி உயர்வு கைநழுவிப் போயிற்று.

விஷயம் தெரிந்தபோது மனைவி சண்டை போடவில்லை. "வீட்லயும் ஒரு ஆளு இருக்கேன். என்னைக்காவது மூணு பத்துக்கு எனக்கு ஒரு போன் பண்ணிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை மேலாளர் அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். எதைச் சொன்னாலும் 'அடுத்தது?' என்று கேட்பவர். "சாயங்காலத்துக்குள்ள அந்த ஆளுக்கு லெட்டர் போயிடணும். இல்லன்னா அதோட சேர்த்து உங்களையும் மூடச் சொல்றாங்க."

இந்த முறை அடுத்தது என்று அவர் கேட்கவில்லை.

இப்படி மூடும்போது அனுப்புவதற்கென்றே நிறுவனத்தில் நான்கு வரிக் கடிதம் ஒன்று உண்டு. முகவரியை இயந்திரமே போட்டுக்கொள்ளும். காவல்காரர் அந்த நான்கு வரியையும் அழித்துவிட்டுச் சொந்தமாக எழுதியிருந்தார்.

'உங்களை எனக்குத் தெரியாது. ஆனாலும் நீங்கள் தினமும் வந்துபோவதைப் பார்த்துக்கொண்டு இங்கே ஒருவன் உட்கார்ந்திருந்தான். முடிந்த மட்டும் தாக்குப்பிடித்தேன். மன்னித்துவிடுங்கள். கீழே உள்ள பொத்தானைத் தொட்டால் அந்தக் குரல் உங்களிடமே வந்துவிடும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.'

மூன்று பத்து. பச்சைக் கோடு எழுந்தது. பதினோரு விநாடி. விழுந்தது.

நிம்மதியாகக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் அதுவரை காத்திருந்தார். இனி சாக்கு இல்லை. அனுப்பினார். கண் கலங்கியது.

கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் அவருடைய அஞ்சல் பெட்டியில் மணி அடித்தது. புதுக் கடிதம்.

'உங்களை எனக்குத் தெரியாது' என்று அது ஆரம்பித்தது.

தப்பாகத் தனக்கே அனுப்பிவிட்டோமோ என்று பதறிப்போய்ச் சரிபார்த்தார். தப்பு ஒன்றும் இல்லை. பொத்தானுக்குக் கீழே பதிவின் தேதி இருந்தது. பதினாறு வருடத்துக்கு முந்தையது. அவர் வேலைக்குச் சேர்ந்த வாரம்.

சேவை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, தினமும் ஒரு பதிவைத் தானாக ஓட்டிப் பார்க்கும் சின்ன நிரல் ஒன்றை அந்த வாரம் எழுதச் சொன்னார்கள். தன் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்து, அதில் ஓடும்படி எழுதினார். ஆள் கணக்கில் சேராமல் இருக்கச் சோதனை என்று அதற்கு அடையாளம் போட வேண்டும் என்பதுகூட அப்போது அவருக்குத் தெரியாது. பிறகு அடியோடு மறந்துபோனார்.

அப்பாவும் இல்லை, ஜன்னலோரத்துப் பெண்ணும் இல்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானைத் தொட்டார்.

"ஹலோ... ஹலோ... நான் பேசுறது கேக்குதா? யாராச்சும் இருக்கீங்களா?"

கூடவே ஒரு சிரிப்பு. புது வேலையின் பூரிப்பில், அடக்க அடக்கப் பீறிட்டு வருகிற சிரிப்பு.

இன்னொரு முறை கேட்டார். குரல் தன்னுடையதுதான் என்று தெரிந்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.