திறக்காத போர்ட்

சண்முகலிங்கம் சவரம் செய்து, வெள்ளைச் சேட் போட்டு, ரெலிபோனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் கோசலை கொள்ளுப்பிட்டி ஒஃபிசில் இருந்து வந்து செருப்பைக் கழற்றினாள். வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்திருந்தார்கள்.

"முகத்தைக் கழுவிப்போட்டு வா பிள்ளை. மாப்பிள்ளை எடுக்கிற நேரம்."

"அவர் எடுக்கிறது ரூட்டரைப் பற்றிக் கதைக்க. அதுக்கு நான் ஏன் முகம் கழுவ வேணும்?"

"வாயைக் குறை."

அவள் அடையாள அட்டையை மேசையில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கதிரையில் சாய்ந்தாள்.

அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை சிவபாலன் டொரண்டோவில் வேலைக்குப் புறப்படுமுன் எடுப்பான். சாதகம் பொருந்தியிருந்தது. படமும் பிடித்திருந்தது. அவனுடைய தாய்தான் பெண் நடப்பதையும் கதைப்பதையும் பார்க்க வேண்டும் என்றாள். கடற்கரையில் கமெரா தூக்கினால் ஆமி பிடிக்கும் என்று பயந்து, வெள்ளவத்தை பிளாட்டின் ஹோலுக்குள்ளேயே கோசலையைச் சேலையோடு நடக்கவைத்து வீடியோ எடுத்தார்கள்.

மின்னஞ்சலில் அனுப்ப அது பெரிது. தபாலில் போடச் சண்முகலிங்கத்துக்கு மனமில்லை. மகளின் வீடியோ யார் யார் கையில் போகுமோ. சிவபாலன் ஒரு வழி சொன்னான். வீட்டுக் கொம்பியூட்டரில் ஒரு சொஃப்ட்வெயார் போட்டால், அவன் அங்கிருந்தே வீடியோவை இழுத்துக்கொள்வான். ரூட்டர் அவனை உள்ளே விட வேண்டும். அதற்கு ஒரு நம்பர் கொடுத்துப் போர்ட் என்கிற வாசல் ஒன்றைத் திறக்க வேண்டும்.

திறப்பதற்கு ஒவ்வொரு நாளும் பாடுபட்டார்கள். ஒவ்வொரு நாளும் அவன், "இன்னும் திறக்கேல்லை" என்றான்.

போன மாதச் சுற்றிவளைப்பில் கோசலையைப் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், விடிந்த பிறகுதான் விட்டார்கள். அதன் பிறகு சண்முகலிங்கம் இரவில் வாசல் கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு இறங்கவில்லை. மகளை எப்படியாவது பிளேன் ஏற்றிவிட வேண்டும். அவருக்கு வேறு யோசனை இருக்கவில்லை.

மணி அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மவுஸைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், சுகமோ?"

"ஓம் தம்பி. சொல்லுங்கோ, இண்டைக்கு எந்த நம்பர்?"

"அது வந்து அங்கிள்..."

"பேனையும் எடுத்து வைச்சிருக்கிறன். சொல்லுங்கோ."

சிவபாலன் நம்பரைச் சொன்னான். சண்முகலிங்கம் பழையதை அழித்து, ஒற்றை விரலால் புதியதை அடித்து, திரும்ப வாசித்துக் காட்டினார்.

"எங்கட கொம்பியூட்டரின்ர ஐபி நம்பரும் சரிதான் தம்பி. கடைசியில ரெண்டு. நேற்றும் பாத்தனான்."

"சேவ் பண்ணினீங்களோ?"

"பண்ணியாச்சு. தம்பி, சொஃப்ட்வெயாருக்குக் கீழ ஒரு பச்சை வட்டம் நிக்குது. அது நேற்றும் நிண்டது."

சிவபாலன் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"அதைப் பாக்காதேங்கோ அங்கிள். ரூட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ."

ரூட்டர் பின்னறையில் இருந்தது. சண்முகலிங்கம் முழங்காலில் கை ஊன்றி எழும்பினார். போகும்போது மகளின் காதுக்குள் குனிந்தார்.

"போன கிழமை மாமா எண்டவன், இப்ப அங்கிள் எண்டுறான். நீ பக்கத்தில நிக்கிறாய் எண்டு வெக்கம்."

அவர் போகும் வரை பார்த்திருந்து, கோசலை ரிசீவரை எடுத்தாள். ஸ்பீக்கர் நின்றது.

"வீடியோ கிடைச்சிட்டுது, என்ன?"

"ரூட்டர் இன்னும்..." என்று சிவபாலன் தொடங்கினான்.

"எங்கட ஒஃபிஸ் பெடியள் இந்த சொஃப்ட்வெயாரிலதான் படம் இறக்குறவங்கள். பச்சை எண்டா போர்ட் திறந்திட்டுது. வீடியோ முழுக்கப் போய் முடிஞ்சதையும் பாத்தனான்."

"போன கிழமையே கிடைச்சிட்டுது," என்றான் சிவபாலன்.

"அம்மா பாத்தவவோ?"

"பாத்தவ." அவன் மூச்சை விட்டான். "அவ எனக்கு வேற இடத்தில கலியாணம் பேசி முடிச்சிட்டா. அதைச் சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறன். எடுத்த உடன அங்கிள் எந்த நம்பர் எண்டு கேக்கிறார். எனக்கு வாய் வருகுதில்லை."

கோசலை மேசையில் கிடந்த அடையாள அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"உங்களுக்குச் செய்தது பிழைதான்," என்றான் அவன். "இண்டைக்குச் சொல்லி முடிச்சிடுறன். அங்கிளிட்டக் குடுங்கோ."

பின்னறையில் இருந்து சண்முகலிங்கம் சத்தம் போட்டார். "பிள்ளை, லைட் எல்லாம் நூந்து திரும்ப வருகுது! தம்பியைப் பொறுக்கச் சொல்லு! இந்த முறை சரிவரும் போல கிடக்கு!"

"வேண்டாம்," என்றாள் கோசலை. "நீங்கள் நம்பர் சொல்லத் தொடங்கின பிறகுதான் அவர் இரவில பாயில படுக்கிறார். ரெண்டு வாய் சாப்பிடுறார்."

"அப்ப நான் என்ன செய்ய?"

செருப்புச் சத்தம் ஹோலை நோக்கி வந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு வேற நம்பர் ஒண்டு சொல்லுங்கோ."