கடப்பாரைக் கை

“தொடாதே! இது கையா, கடப்பாரையா? வேற ஆளை வரச் சொல்லு!”

வார்டே திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரக் கட்டில்காரருக்கு இடுப்பெலும்புதான் முறிந்திருக்கிறதே தவிர, குரலுக்கு ஒரு கீறலும் இல்லை. எண்ணெயில் போட்ட மாதிரி வெடிப்பதால் நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் கடுகு. ஆள் என்னவோ கடுகு இல்லை. படுக்கையில் சறுக்கிக் கீழே வந்துவிட்டால், அவரைத் தூக்கி மேலே படுக்க வைப்பதற்குள் மூச்சு முட்டிவிடும்.

சின்ன சிஸ்டர் கையை எடுத்துக்கொண்டாள்.

“சார், ஒரே நிமிஷம். மெதுவாத்தான் தூக்குவேன்.”

“காது கேக்கலையா? அந்தப் பயில்வானைக் கூப்பிடு. நீ போய் வேற வேலையைப் பாரு.”

பயில்வான் என்பது ஆண் நர்ஸ். முணுமுணுத்துக்கொண்டே வந்து, கடுகை அலாக்காகத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டுப் போனான்.

சின்ன சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று குழந்தைகள் வார்டிலிருந்து ஆள்விட்டு அழைத்துப் போவார்கள். அந்தக் கையைப் போய்க் கடப்பாரை என்றால் வயிறு எரியாதா?

இதில் கூத்து என்னவென்றால், ஊசி நேரம் வந்தால் இதே மனிதர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் அவளிடமே நீட்டுவார். ஊசிக்கு ஆகிற கை, தூக்க ஆகாதாம்!

பெரிய சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

“நேத்தும் புகார், இன்னிக்கும் புகார். ஒரு நோயாளியைத் தூக்கத் தெரியாதவளை எப்படி நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுதுவேன்? நீயே சொல்லு.”

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

“இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடு சிஸ்டர்,” என்றான் பயில்வான்.

“விட்டுத்தான் பாத்தேன். அந்தக் காதுக்குப் போக மாட்டேங்குது. தொண்டையில வந்து நிக்குது.”

“முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கே?”

“காலையில சாப்பிடலை,” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

மதியம் கடுகு மறுபடி சறுக்கியிருந்தார். பயில்வான் ஆபரேஷன் அறையில். பொறுப்பு பொறுப்புதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவளே போனாள்.

“திரும்ப வந்துட்டியா? உனக்கெல்லாம் ரோஷமே கிடையாதா?”

அவ்வளவுதான். காலையிலிருந்து தொண்டையில் நின்றது மொத்தமும் வெளியே வந்தது.

“எனக்கு நிறையவே இருக்கு சார். உங்களுக்குத்தான் நாக்குல எலும்பே இல்ல. உங்க பிள்ளைங்க ஒருத்தர்கூட ஏன் எட்டிப் பாக்கலைன்னு இப்பத்தான் புரியுது!”

வெடிப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் வெடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பயில்வான் வரட்டும். அதுவரைக்கும் இப்படியே கிடக்கேன்,” என்றார் மெதுவாக.

தாழ்வாரத்துக்கு வந்து நின்றாள். நறுக்கென்று கேட்டுவிட்டால் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. இன்னும் கொஞ்சம் எரிந்தது.

ஃபிளாஸ்கும் கையுமாகக் கடுகின் மனைவி அவளை நோக்கி வந்தார். சரி, அடுத்த கச்சேரி ஆரம்பம் என்று சின்ன சிஸ்டர் முந்தானையை இழுத்துச் செருகாத குறையாகத் தயாரானாள்.

“பெரியம்மா, நான் பேசினது தப்புதான். ஆனா அவரு...”

“அவரை விடு. அந்த வாய்க்கு நான் வாழ்க்கைப்பட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? பெரிய சிஸ்டர்கிட்ட இப்பத்தான் சொல்லிட்டு வரேன், ‘அந்தப் பொண்ணு கையில ஒரு குறையும் இல்ல, எங்க ஆளு வாயிலதான் குறை’ன்னு. உன் வேலைக்கே வேட்டு வைக்கும்னு அந்த மனுஷனுக்கு எங்க தெரியும்? நல்லதைக்கூட நல்லவிதமாச் செய்யத் தெரியாத ஜென்மம்.”

“நல்லதா? என்ன பெரியம்மா நல்லது?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க பாத்ரூம் எங்க கட்டிலுக்குப் பின்னாடி, ஒரே சுவருதானே கண்ணு. தினம் காலையில நீ குமட்டுறது எங்களுக்குக் கேக்காதா?”

சின்ன சிஸ்டரின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. போன தடவை எல்லாரிடமும் சொல்லி, அது தங்காமல் போய், எல்லாருக்கும் பதில் சொல்லி மாளவில்லை. இந்தத் தடவை அம்மாவிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை.

“முதல் நாளே என்கிட்ட சொல்லிட்டாரு. ‘வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, இந்த மூட்டையைத் தூக்கலாமா? அவளே மறைச்சு வச்சிருக்கா, நாம எப்படி வெளிய சொல்றது’ன்னு. அதான் பாவம், உன் கைமேல பழியைப் போட்டாரு.”

உள்ளேயிருந்து கடுகு வெடித்தது.

“ஏய், யாரங்கே! ஊசி நேரமாச்சு, அந்தக் கடப்பாரைக் கையை வரச் சொல்லு! வேற எவன் போட்டாலும் எனக்கு வலிக்கும்!”