முடிக்காமல் அடுத்தது இல்லை

"இதை முடிக்காம அடுத்ததைத் தொடக் கூடாது!" என்று கறாராகச் சொன்னாள் மனைவி.

பஸ் டிரைவர் அலமாரியைப் பார்த்தார். வாங்கி வாங்கி அடுக்கிய வீடியோ கேம்கள். பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். திரையில் கார் மறுபடியும் சுவரில் முட்டியது.

"ஊருக்கே பஸ் ஓட்டுறீங்க, ஒரு பொம்மைக் காரு ஓட்ட வரலையா?"

"ஆளை விடு. கண்ணு எரியுது."

"வாங்கினதெல்லாம் வீணாப் போறதா?"

"வாங்கினது நீ! நீயே ஆட வேண்டியதுதானே?"

"எந்தக் கையால ஆடுறது? படியில ஈரத் துணியைப் போட்டு என்னை வழுக்கி விழ வெச்சது யாரு?"

கழுத்திலிருந்து தொங்கிய துணிக்கட்டுக்குள் கிடந்த வலது கையை அவள் கண்ணால் காட்டவும், அவர் ஆட்டத்துக்குத் திரும்பினார். இந்தத் தடவை விடுவதாயில்லை. ஒவ்வொரு வண்டியாக முந்தினார். கடைசி வளைவில் ஒடித்துத் திருப்பி, முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினார்.

"ஜெயிச்சிட்டோம்!" என்று கத்தியபடி படபடவெனக் கைதட்டினாள் அவள். இரண்டு கையாலும்.

தட்டல் பாதியில் நின்றது. கழுத்தில் கட்டு காலியாகத் தொங்கியது.

"கை எப்போ சரியாச்சு?"

"போன... போன வாரம்."

டிரைவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.

"இன்னும் ஒரு மாசத்துக்குக் கட்டை அவுத்துடாதே. அடுத்தது எது?"