ஒண்ணைக் கொண்டுபோய் விட்டுடலாமா?

“வீட்டுல ரெண்டு பூனைக்கா. ஒண்ணைக் கொண்டுபோய் விட்டுடலாம்கறார் என் வீட்டுக்காரர். இந்த மாசக் கடைசிதான் கெடு.”

பூனை அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அடிபட்டது, அட்டைப்பெட்டியில் போட்டு வீசப்பட்டது என்று தெருவில் கிடைத்ததையெல்லாம் தூக்கி வந்து வளர்க்கிறவள் அவள். பெயரே அப்படித்தான் வந்தது. எதிரே நின்றவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண்.

“விடறதுக்கா கூட்டிட்டு வந்தே? வேண்டாத சோபாவா அது? உயிரும்மா!”

“எனக்கு விட மனசில்லக்கா. ஆனா ரெண்டும் மூஞ்சியைப் பார்த்தாலே சண்டை. வழி சொல்லுங்க, எவ்வளவு கஷ்டமானாலும் செய்யறேன்.”

அந்தப் பிடிவாதம் அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று.

“எது முதல்ல வந்தது?”

“பெருசு ரொம்ப நாளா இருக்கு. இன்னொண்ணைப் போன மாசம்தான் கூட்டிட்டு வந்தேன். இருந்த வீட்டுல வெளியே அனுப்பிட்டாங்க.”

“அப்ப பெருசு, ‘இது என் ராஜ்யம்’னு நிக்கும். புதுசு பயத்துல சீறும். கடிக்குதுங்களா?”

“பல்லு பாதி இல்லக்கா. சத்தம்தான்.”

“ஆபரேஷன் பண்ணியாச்சா?”

“ரெண்டுக்கும் பண்ணியாச்சு.”

அக்கா அவளை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். “மாமியார் இருந்த ரூம் இது. அவங்களை ஹோம்ல விட்டாச்சு, அங்க சௌகரியமா இருக்காங்க. இப்ப இதுங்களுக்கு ஆச்சு.”

கட்டிலில் ஒற்றைக் காதுக் கடுவன் ஒன்றும் சாம்பல் நிறப் பெட்டை ஒன்றும் முதுகோடு முதுகாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

“இந்த ரெண்டும் சேர்ந்து என் கையைக் கிழிச்ச கிழி பாரு!” தழும்பைக் காட்டினாள் அக்கா. “முதல்ல தனித்தனி ரூம். தட்டு, தண்ணி, படுக்கை எல்லாம் ரெண்டு ரெண்டு. பங்கு போட்டுக்கச் சொன்னா மனுஷனே அடிச்சுக்குவான். இது படுத்த துணியை அதுக்குப் போடு, அது படுத்ததை இதுக்குப் போடு. வாசனை பழகணும். கதவைச் சாத்திட்டு அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு வை. நிம்மதியாச் சாப்பிட்டா, கதவை ஒரு விரல் அளவு திற. முறைக்க ஆரம்பிச்சா நடுவுல ஒரு அட்டையை நீட்டிடு. முக்கியமா, யார் பக்கமும் பேசாதே.”

“அதுதான்க்கா கஷ்டம்.”

“கஷ்டம்தான். செய்.”

செய்தாள். கடை முடிந்து போகும்போதெல்லாம் வந்து நின்றாள்.

“இன்னிக்குக் கதவைத் திறந்தேன்க்கா. தட்டு உருண்டுடுச்சு.”

“அவசரப்பட்டிருக்கே. சாத்திட்டு முதல்லேருந்து ஆரம்பி.”

“சரிக்கா.” அழவில்லை, அலுத்துக்கொள்ளவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒருநாள் ஓடிவந்தாள். “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாப்பிட்டாங்கக்கா! கதவு சாத்தித்தான் இருந்துச்சு, ஆனா சத்தமே இல்லை!”

பூனையை ஆள் கணக்கில் எண்ணுகிறாளே என்று அக்கா உருகிப்போனாள்.

ஆனால் ஒன்று உறுத்தியது. போட்டோ கேட்டால், “காட்டறேன்” என்பாள், காட்ட மாட்டாள். “நான் வந்து பார்க்கட்டுமா?” என்றால், “வேண்டாம்க்கா” என்று முகம் வெளுப்பாள். அப்புறம் மாசக் கடைசி நெருங்கியபோது ஆளையே காணோம்.

“கதை விட்டிருக்கா! ஒண்ணைத் தெருவுல விட்டுட்டு முகத்தைக் காட்டாம இருக்கா,” என்று பொருமினாள் அக்கா. மருந்துக்கடையில் விலாசம் வாங்கினாள். தெருவில் விட்டதையும் தேடிப் பிடித்து, இரண்டையும் தூக்கிக்கொள்ளாமல் திரும்புவதில்லை என்று இரண்டு கூடைகளோடு கிளம்பினாள்.

வாசல் திறந்தே இருந்தது. கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் ஒரு வயதான அம்மா. அந்தப் பக்கம் கட்டிலில் இன்னொருவர். இருவர் மடியிலும் ஆளுக்கொரு தட்டு. நடுவில் மருந்துக்கடைப் பெண், படிப்பதுபோல் செய்தித்தாளை அகலமாக விரித்துப் பிடித்து, இருவரையும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உப்பு கம்மி,” என்றது நாற்காலி.

கட்டில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தது.

“ஆமா,” என்றது கட்டில். “இவளுக்கு உப்பு போடவே தெரியாது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.”

மருந்துக்கடைப் பெண் செய்தித்தாளை மெல்ல இறக்கினாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். அப்போதுதான் வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தாள். பதறி எழுந்து வந்தாள்.

“சத்தம் போடாதீங்கக்கா. கெடு இன்னியோட முடியுது. இப்பதான் முதல் தடவையா ஒருத்தருக்கொருத்தர் பதில் பேசியிருக்காங்க.”

“யாரு இவங்க?”

“நாற்காலியில என் மாமியார். கட்டில்ல எங்கம்மா. அண்ணன் வீட்டுல வெளியே அனுப்பிட்டாங்க.”

“அப்போ பூனை?”

“பூனை இல்லக்கா. மன்னிச்சுக்குங்க.”

அக்கா இரண்டு கூடைகளையும் கீழே வைத்தாள். “எதுக்கும்மா இப்படி ஒரு பொய்?”

“அம்மாவும் மாமியாரும்னு உள்ளதைச் சொல்லித்தான் முதல்ல எல்லார்கிட்டயும் யோசனை கேட்டேன். கேட்ட அத்தனை பேரும், ‘ஒண்ணை ஹோம்ல விட்டுடு’ன்னாங்க. பூனைன்னு சொன்னப்புறம்தான்க்கா, ‘விடறதுக்கா கூட்டிட்டு வந்தே, உயிரும்மா’ன்னு கோபப்பட ஒருத்தர் கிடைச்சீங்க.”